வாவிக்கரை வழியே ஒரு நாள் நடை

மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு எழுவான்கரை, படுவான்கரை என்ற சொற்களை விளக்க வேண்டியதில்லை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. அது படும் பக்கம் படுவான்கரை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. எனது ஊராகிய காத்தான்குடி எழுவான்கரையில் இருக்கிறது. நாம் தொழுகைக்கு முகம் திருப்பும் கிப்லாவும் மேற்குப் பக்கம்தான். ஆகவே ஐந்து வேளையும் நாங்கள் வாவிக்கு அப்பால் இருக்கும் படுவான்கரையை நோக்கியே நிற்கிறோம். ஆனால் பதினேழு வயது வரை அந்தக் கரையில் நான் ஒரு தடவையேனும் கால் வைத்ததில்லை. என் வகுப்பில் பலரும் அப்படித்தான்.

இது எங்களுக்கு உறைத்தது புவியியல் பாட நேரத்தில். டீச்சர் வாவியின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, மேற்குக் கரையிலுள்ள ஐந்து ஊர்களைக் குறிக்கச் சொன்னார். கொக்கட்டிச்சோலை என்று ஒருத்தி எழுதினாள். மண்டூர் என்று இன்னொருத்தி எழுதினாள். அதற்குப் பிறகு வெண்கட்டி யார் கைக்கும் போகவில்லை. ஐரோப்பிய ஆறுகளின் பெயர்களை வரிசையாக ஒப்புவிக்கத் தெரிந்த எங்களுக்கு எதிர்க்கரை தெரியவில்லை.

அன்றைக்குத்தான் டீச்சர் ஜேர்மனியைப் பற்றிச் சொன்னார். அங்கே பாடசாலைகளில் 'வாண்டர்டாக்' என்று ஒரு நாள் உண்டு. 'நடைநாள்' என்று சொல்லலாம். அன்று ஆசிரியரும் மாணவர்களும் வகுப்பறையை விட்டு ஆற்றோரமாகவோ காட்டு வழியாகவோ நடந்து போவார்கள். 1909 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஆசிரியர் தம் மாணவர்களுடன் இப்படிப் பல நாள் நடைபயணம் போனபோது, புரோல் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் பெரும் இடிமழை பிடித்துக்கொண்டது. ஒரு கிராமப் பாடசாலையில் அவர்களுக்கு இரவு தங்க இடம் கிடைத்தது. நடந்து வரும் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஊரிலும் இப்படி ஒரு கூரை இருந்தால் என்ன என்று அந்த இரவில் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. பின்னர் அல்டெனா நகரின் பழைய கோட்டையில் உலகின் முதலாவது இளைஞர் விடுதி உருவானது அந்த எண்ணத்திலிருந்துதான்.

"எங்கட பக்கத்தில மலைக்கு நடுவில ஓடுற ஆற்றுப் பள்ளத்தாக்கு இல்லை. எங்கட நீர்வழி இந்த வாவிதான். நாமும் ஒரு நாள் நடப்போமா?" என்று டீச்சர் கேட்டார்.

நாங்கள் ஆறு பேர் கை உயர்த்தினோம். கை உயர்த்துவது இலகு. வீட்டில் கேட்பதுதான் கடினம்.

"வயசுக்கு வந்த புள்ளைகள் ரோட்டு ரோட்டா நடக்கிறதா? பார்க்கிற சனம் என்ன சொல்லும்?" என்று உம்மா கேட்டார். அது நான் எதிர்பார்த்த கேள்வி. வாப்பா வேறொன்று கேட்டார்.

"எந்தப் பக்கத்தால போறீங்க மகள்?"

"செட்டிபாளையத்தில இறங்கி, வாவிக்கரையால குருக்கள்மடம் துறைக்கு வந்து, பாதையில அம்பிளாந்துறைக்குப் போறம், வாப்பா."

வாப்பா ஒன்றும் பேசவில்லை. மூலையில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்த மூத்தம்மாவின் கை நின்றது.

குருக்கள்மடம் என்ற பெயர் எங்கள் வீட்டில் சத்தமாகச் சொல்லப்படுவதில்லை. 1990 ஆம் ஆண்டு ஜூலை மாதம் கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த முஸ்லிம்கள் அந்த இடத்தில் ஆயுததாரிகளால் மறிக்கப்பட்டுக் கடத்தப்பட்டார்கள். ஹஜ் கடமையை முடித்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் வரவில்லை. மூத்தம்மாவின் தம்பியும் வரவில்லை. அதனால் கல்முனைக்குப் போகும் போதெல்லாம், பஸ் அந்த ஊரைக் கடக்கும் வரை மூத்தம்மா கண்ணை மூடி ஸலவாத்து ஓதிக்கொண்டிருப்பார். நானும் சின்ன வயதிலிருந்தே அப்படியே பழகிவிட்டேன். குருக்கள்மடம், செட்டிபாளையம், மாங்காடு, தேற்றாத்தீவு ஆகிய ஊர்கள் எல்லாம் எனக்குப் பஸ் யன்னலில் ஓடி மறையும் பெயர்ப் பலகைகள் மாத்திரமே.

மூன்று நாளுக்குப் பிறகு சுபஹுத் தொழுகை முடிந்து வந்த வாப்பா, "சரி, நானும் வாறன்" என்றார். மற்றப் பெற்றோருக்கும் அது ஆறுதலாக இருந்தது. இப்படி ஆறு மாணவிகளும் டீச்சரும் வாப்பாவுமாக மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் கல்முனை பஸ் ஏறினோம்.

செட்டிபாளையத்தில் இறங்கும்போது காலை ஏழரை மணி. பிரதான வீதியிலிருந்து கிழக்கே போனால் கடல், மேற்கே போனால் வாவி. நடுவே இருப்பது ஒடுங்கிய மணல்நிலம்தான். நாங்கள் மேற்குப் பக்க ஒழுங்கையில் திரும்பினோம். இரண்டு பக்கமும் தென்னை, மா, முருங்கை. வளவுகளுக்குள்ளே மிளகாயும் கத்தரியும் வெற்றிலைக் கொடியும். முற்றங்களை அப்போதுதான் கூட்டியிருந்தார்கள். மணலில் விளக்குமாற்றின் வரிகள் கலையாமல் இருந்தன. எங்கள் தெருக்களில் வீட்டோடு வீடு ஒட்டி இருக்கும். இங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே காற்று போய்வர இடம் இருந்தது.

ஒழுங்கை முடிந்த இடத்தில் வாவி தெரிந்தது. கல்லடிப் பாலத்தில் நின்று பார்த்த வாவி வேறு, இது வேறு. கரையோரம் கண்ணா மரங்கள் சேற்றிலிருந்து வேர்களை மேலே நீட்டிக்கொண்டு நின்றன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் அவை அந்த வேர்களால்தான் மூச்சு விடுகின்றன என்று புத்தகத்தில் படித்திருந்தோம். தொட்டுப் பார்த்தது அன்றுதான். ஒருவர் தோணியைக் கரையில் இழுத்துவிட்டு வலையிலிருந்து இறாலும் மணலையும் தெரிந்துகொண்டிருந்தார். நீர்க்காகங்கள் கம்புகளில் இருந்து சிறகு விரித்துக் காயவிட்டுக்கொண்டிருந்தன.

டீச்சர் கையில் தண்ணீர் அள்ளி நுனிநாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அவ்வளவாக உப்புக் கரிக்கவில்லை. இனிப்பும் இல்லை. வாவிக்குக் கடலோடு இரண்டு வாய்கள் உண்டு. வடக்கே பாலமீன்மடுப் பக்கம் ஒன்று, தெற்கே கல்லாற்றுப் பக்கம் ஒன்று. மாரியில் மேற்கிலிருந்து வரும் ஆற்று நீரும், உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் பக்கமிருந்து வடியும் நீரும் வாவியை நிரப்பும். அப்போது உப்புக் குறையும். கோடையில் நீர் வற்ற உப்பு ஏறும். மீனும் இறாலும் அந்த மாற்றத்துக்கு ஏற்ப இடம் மாறும். முகத்துவாரம் எப்போது திறக்கிறது, எப்போது மணல் மூடுகிறது என்பதில் கரையில் இருக்கும் அத்தனை பேருடைய சோறும் தங்கியிருக்கிறது. ஒரு கரைக்காரர் மட்டும் தனியாக அனுபவிக்கக்கூடிய வாவி இல்லை இது.

வெயில் ஏறத் தொடங்கியது. வடக்கே நடந்தோம். வாவி இடப்பக்கம் கூடவே வந்தது. ஒரு வளவுக் கிணற்றடியில் நின்ற வயதான அம்மா ஒருவர் எங்களைக் கண்டு வாளியைக் கீழே வைத்தார். கறுப்பு அபாயாவும் பர்தாவும் அணிந்து ஏழு பெண்கள் காலையிலேயே வரிசையாக நடந்து வருவதை அவர் என்றும் கண்டிருக்கமாட்டார்.

"எங்க புள்ள போறீங்க, இந்த வெயிலுக்க?"

"சும்மா நடந்து பார்க்க வந்தம் அம்மம்மா. காத்தான்குடியில இருந்து."

"சும்மா நடக்கவா?" என்று சிரித்தார். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க. எங்கட கிணத்துத் தண்ணி தேன் மாதிரி இருக்கும்."

உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உவர் வாவி. இரண்டுக்கும் நடுவே எப்படி நல்ல தண்ணீர் என்று ஒருத்தி கேட்டாள். டீச்சர் கிணற்றுக்கட்டில் கை வைத்து விளக்கினார். மழைநீர் மணலுக்குள் இறங்கி, பாரம் கூடிய உப்பு நீருக்கு மேலே ஒரு படலம்போல மிதந்து நிற்கிறது. அளவோடு அள்ளினால் அது தேயாது. பெரிய பம்ப் போட்டு ஒரேயடியாக உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே வந்துவிடும். கேட்டுக்கொண்டிருந்த அம்மம்மா, "இதத்தான் எங்கட அப்பா வேற மாதிரிச் சொன்னவர். கிணத்த வெருட்டக் கூடாது எண்டு" என்றார். டீச்சர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

பேச்சு நீண்டது. முந்தின காலத்தில் காத்தான்குடிக் காக்காமார் சைக்கிளில் சீலைப் பொட்டணி கட்டிக்கொண்டு அந்த ஒழுங்கைக்கு வருவார்களாம். கடனுக்குச் சீலை கொடுத்துவிட்டு, வெள்ளாமை வெட்டிய பிறகு காசு வாங்குவார்களாம். "என்ட கலியாணக் கூறைக்கும் அப்படித்தான் கடன் சொன்னது" என்றார். எங்களிடம் எந்தக் குடி என்று கேட்டார். நாங்கள் சொன்னோம். தாய்வழியில் வரும் குடி முறையும், பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் இந்தப் பகுதித் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது என்று பாடத்தில் படித்திருக்கிறேன். 'பிட்டும் தேங்காய்ப்பூவும்' என்று மேடைகளில் சொல்லக் கேட்டும் இருக்கிறேன். ஆனால் கிணற்றடியில் ஓர் அம்மா என் குடியைக் கேட்டு, "ஓ, அப்ப நீ தாய்ட வீட்டுக்காரி" என்று சொன்னபோதுதான் அது எனக்கு விளங்கியது.

புறப்படும்போது அவர் கொடியிலிருந்து வெற்றிலை கிள்ளி வாழைத்துண்டில் சுற்றிக் கொடுத்தார். "வீட்டில கிழவி இருக்கா? குடுங்க."

குருக்கள்மடம் துறையை அடைந்தபோது யாரும் பேசவில்லை. தோழிகளுக்கும் அந்த ஊரின் கதை தெரியும். வாப்பா கரையோரம் சற்றுத் தள்ளிப் போய் நின்று கைகளை ஏந்தினார். நாங்களும் ஏந்தினோம். துறையில் நின்ற ஒருவர் எங்களைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. தலையில் கட்டியிருந்த துவாயை மட்டும் அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் முடிக்கும் வரை நின்றார். பஸ்ஸில் கண்ணை மூடிக் கடந்த ஊரில் கண்ணைத் திறந்து நின்றேன். நான் பயந்த அளவுக்கு அந்த இடம் பயங்கரமாக இல்லை. ஆனால் துக்கம் குறையவும் இல்லை. பயம் வேறு, துக்கம் வேறு என்று எனக்குத் தெரிந்தது அந்த நிமிடத்தில்தான்.

வாவியைக் கடக்கும் மிதவையைப் 'பாதை' என்றே எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மோட்டார் சைக்கிள்களும், சாக்கு மூட்டைகளும், டியூஷனுக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகளும் ஏறினார்கள். நடுவாவிக்கு வந்தபோது இரண்டு கரையும் ஒரே நேரத்தில் தெரிந்தது. எழுவான்கரையை நான் வெளியே நின்று பார்த்தது அதுவே முதல் தடவை. தென்னை மரங்களின் ஒரு நீண்ட வரிசை. அதற்குள் எது தமிழ் ஊர், எது முஸ்லிம் ஊர் என்று அங்கிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

அம்பிளாந்துறையில் வயல்கள் தொடங்கின. பெரும்போக அறுவடைக் காலம். ஒரு பக்கம் மெசின் வெட்டிக்கொண்டிருந்தது. மறுபக்கம் வெட்டி முடிந்த வயலில் கொக்குகள் நிறைந்திருந்தன. நாங்கள் மாதம் முழுக்கச் சாப்பிடும் அரிசி எங்கிருந்து வருகிறது என்று யோசித்திராத எனக்கு, வைக்கோல் மணம் அன்று முழுவதும் உடுப்பில் இருந்தது. வாய்க்கால் கட்டில் நடந்தபோது சப்பாத்துக்குள் சேறு போனது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டோம்.

லுஹருக்கு நேரமானது. அருகில் பள்ளிவாசல் இல்லை. வழியில் ஒரு வீட்டில் வுழூச் செய்யத் தண்ணீர் கேட்டோம். அந்த வீட்டு அன்ரி தண்ணீர் மட்டும் தரவில்லை. நாயைப் பின்வளவில் கொண்டுபோய்க் கட்டினார். திண்ணையைக் கூட்டினார். புதிய பன்பாய் இரண்டு விரித்தார். "மேற்கு இந்தப் பக்கம்" என்று தாமே கை காட்டினார். வாப்பா போனில் திசையைப் பார்த்துச் சற்று வடக்கே திருப்பி நின்றார். படுவான்கரையில் நின்றும் மேற்கை நோக்கித்தான் தொழுதோம். கிப்லா அதற்கும் அப்பால் இருந்தது.

கட்டிக்கொண்டு போன இடியப்பத்தையும் சம்பலையும் அவருடன் பகிர்ந்து சாப்பிட்டோம். அவர் இளநீர் வெட்டித் தந்தார். எப்படியோ வாப்பா 1990 ஐப் பற்றிச் சொன்னார். என் முன்னால் அவர் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. அன்ரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 1991 ஜூனைப் பற்றிச் சொன்னார். கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் அந்த மாதம் பெருந்தொகையான தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அவருடைய சொந்தக்காரரும் அதில் இருந்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதை எனக்குச் சொன்னதில்லை. அவருடைய வீட்டிலும் குருக்கள்மடத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஒரே வாவியின் இரண்டு பக்கமும் இரண்டு வீடுகள் முப்பது வருடத்துக்கு மேலாகத் தத்தம் துக்கத்தைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கின்றன. யாருடைய துக்கம் பெரிது என்று அந்தத் திண்ணையில் யாரும் கேட்கவில்லை. வாப்பா "இன்னா லில்லாஹி" சொன்னார். அன்ரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, இன்னும் ஓர் இளநீர் வெட்டப் போனார்.

அஸருக்குச் சற்று முன் கொக்கட்டிச்சோலைக்கு வந்து சேர்ந்தோம். கால்கள் வலித்தன. ஒருத்திக்குக் குதிகாலில் கொப்புளம். அங்கிருந்து பஸ். 2014 இல் ஜப்பானிய உதவியுடன் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தைச் சில நொடிகளில் கடந்துவிட்டோம். பாலம் பெரிய வசதி. வைத்தியசாலைக்குப் போகிறவருக்கும் சந்தைக்குப் போகிறவருக்கும் அதன் அருமை தெரியும். ஆனால் அந்தச் சில நொடிகளில் யாருடைய கிணற்றுத் தண்ணீரையும் குடிக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் மூத்தம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சனம் என்ன சொன்னாங்க?"

"தண்ணி தந்தாங்க மூத்தம்மா. தொழப் பாய் விரிச்சாங்க. இது உங்களுக்கு எண்டு செட்டிபாளையத்து அம்மம்மா தந்த வெத்திலை."

மூத்தம்மா வாழைத்துண்டைப் பிரித்துப் பார்த்தார். வெற்றிலை வாடியிருந்தது. தண்ணீர் தெளித்துத் துணியில் சுற்றி வைத்தார். இஷாவுக்குப் பிறகு ஒன்றை எடுத்து, நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி மடித்தார். "நல்ல கொடி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தம்பி சின்ன வயதில் வாவியில் தோணி கவிழ்த்துவிட்டு வந்து உம்மாவிடம் அடி வாங்கிய கதையைச் சொன்னார். அவர் எப்படி மறைந்தார் என்பதை மட்டும் அறிந்திருந்த நான், அவர் எப்படி இருந்தார் என்பதை அன்றிரவு அறிந்தேன்.

இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு அல்குர்ஆன் அழைக்கிறது. அந்த அழைப்பு ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல. எங்களைத் தனியாக அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. வாப்பா வந்ததுபோல நீங்களும் கூட வாருங்கள். வருடத்தில் ஒரு நாள் எங்கள் கல்லூரிக்கும் நடைநாளாக இருக்கட்டும். உங்களுக்கு ஞாபகம் இருக்கும் நல்ல ஊர்களை எங்களுக்குக் காட்டுங்கள். நீங்கள் பேச முடியாத ஊர்களுக்கும் ஒரு தடவை எங்களோடு நடந்து வாருங்கள்.

தோழிகளுக்கும் ஒரு சொல். தண்ணீர்ப் போத்தல், தொழுகைப் பாய், பழைய சப்பாத்து, ஒரு குறிப்புப் புத்தகம். இவ்வளவும் போதும். அடுத்த முறை தெற்கே, குருமண்வெளித் துறையால் மண்டூருக்குப் போவோம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். போன முறை ஆறு பேர் கை உயர்த்தினோம். இந்த முறை பட்டியலில் இருபத்திரண்டு பெயர்கள் இருக்கின்றன. பெற்றோர் வரிசையில் முதலாவது பெயர் என் உம்மாவுடையது.